டோக்கனா, துளையிட்ட சீட்டா, உண்டியலா: விக்டோரியா காலத்து டிராம் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிய மூன்று வழிகள்

பிரிட்டனில் 1870ஆம் ஆண்டின் டிராம்வேச் சட்டம் வந்த பின், ஊருக்கு ஊர் தனியார் நிறுவனங்கள் பங்கு விற்றுப் பணம் திரட்டிக் குதிரை டிராம்களை ஓட்டின. சட்டம் அவற்றுக்குப் போட்ட நிபந்தனைகள் கடுமையானவை. 21 ஆண்டுகள் முடிந்ததும், எதிர்கால லாபத்துக்கு இழப்பீடு எதுவும் தராமல், அன்றைய மதிப்பை மட்டும் கொடுத்து நகராட்சி அந்தத் தடத்தை எடுத்துக்கொள்ளலாம். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட சாலையையும், இருபுறமும் 18 அங்குல அகலத்தையும் நிறுவனமே செப்பனிட வேண்டும். செலவு அதோடு நிற்கவில்லை. 1894இல் கிளாஸ்கோ மாநகராட்சி டிராம் சேவையைத் தானே ஏற்று நடத்தத் தொடங்கியபோது, ஏறக்குறைய 300 வண்டிகளுக்கு 3,000 குதிரைகளை வாங்க நேர்ந்தது. ஒரு வண்டியை நாள் முழுவதும் ஓட்டப் பத்துக் குதிரைகள் மாறி மாறித் தேவைப்பட்டன என்பது இதிலிருந்தே தெரியும். இவ்வளவு செலவையும் ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று வந்த சில்லறைதான் ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஆகவே, பயணி கொடுத்த பென்னி வழியில் எங்கும் தங்காமல் நிறுவனத்தின் கல்லாவுக்கு வந்து சேர்ந்ததா என்பது அந்த நிறுவனங்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்தது.

அதற்கு மூன்று விடைகள் போட்டியிட்டன. முன்கூட்டியே விற்கப்படும் டோக்கன் ஒன்று. மணி அடித்துத் துளையிடும் கருவியோடு வந்த காகிதச் சீட்டு இன்னொன்று. வண்டியிலேயே பொருத்தப்பட்ட பூட்டிய கட்டணப் பெட்டி மூன்றாவது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. கட்டணம் ஊர் முழுவதற்கும் ஒன்றா, அல்லது தூரத்துக்குத் தகுந்தபடி ஏறுகிறதா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு என்பது என் கருத்து.

முதலில் பெட்டி. அமெரிக்காவில் ஜான் ஸ்லாசன் என்பவரின் பெயரோடு அறியப்படும் இந்தப் பெட்டி, கண்ணாடி வைத்த கோயில் உண்டியல் போன்றது. பயணி போட்ட காசு முதலில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தட்டில் நிற்கும். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, சரியென்று கண்டால் நெம்புகோலைத் தட்டுவார். காசு பூட்டிய அறைக்குள் விழும். நடத்துநரே தேவையில்லை என்பதுதான் இதன் முழுக் கவர்ச்சி. ஒற்றைக் குதிரை இழுக்கும் சிறிய வண்டிக்கு இது பொருந்தியது. பயணிகளும் காசைப் பார்க்கும்படி எதிர்ப்பக்கம் இன்னொரு கண்ணாடி வைத்ததற்கும், வண்டியின் முன்விளக்கு ஒளியைப் பெட்டிக்குள் பாய்ச்சியதற்கும் பெற்ற காப்புரிமைகளை, அவற்றில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1883இல் தள்ளியது. பிரிட்டனின் பெருநகரங்களிலோ வண்டிகள் பெரும்பாலும் மாடி வைத்தவை. மேல்தளத்தில் உட்கார்ந்தவரிடம் பெட்டி எப்படிப் போகும்? குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்திருப்பவர் காசையும் எப்படிக் கவனிப்பார்? அங்கே பெட்டி தனித்து நின்று வெல்ல வழியே இல்லை.

டோக்கனின் கதை இதைவிட நுட்பமானது. அலுவலகத்தில் மொத்தமாக வாங்கிக்கொண்டால் சிறிது தள்ளுபடி, ஏறும்போது சில்லறை தேட வேண்டாம், நிறுவனத்துக்கோ பயணம் நடப்பதற்கு முன்பே பணம் கையில். தொலைந்துபோன டோக்கன் ஒவ்வொன்றும் நிறுவனத்துக்கு முழு லாபம். எடையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1860 முதல் புழங்கிய வெண்கலப் பென்னி மூன்று சேர்ந்தால் ஓர் அவுன்ஸ். ஒரு பவுண்டு வசூலானால் 240 பென்னி, அதாவது இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல். அந்தப் பையைத் தோளில் தொங்கவிட்டபடி, ஆடும் வண்டியில் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநரின் நாளை எண்ணும்போது, மெல்லிய டோக்கனின் அருமை புரிகிறது.

டோக்கன் எதனால் ஆனது என்பதிலும் ஒரு சுவையான சிக்கல் உண்டு. டிராம்வேச் சட்டம் வந்த அதே 1870இல் நாணயச் சட்டம் ஒன்றும் வந்தது. அரசு நாணயச்சாலையைத் தவிர வேறு யாரும் எந்த உலோகத்திலும் நாணயமாகவோ, பணத்துக்குப் பதிலான டோக்கனாகவோ, தன்மேல் குறித்த மதிப்பைக் கேட்டுப் பெறும் உரிமை தருவதாகவோ ஒரு வில்லையை வெளியிடக் கூடாது, மீறினால் 20 பவுண்டு வரை தண்டம் என்று அதன் 5ஆம் பிரிவு சொன்னது. பயண டோக்கன் பணத்துக்குப் பதிலா, வெறும் அனுமதி அடையாளமா என்று வழக்கறிஞர்கள் நாள் முழுக்க வாதாடலாம். உலோகத்தில் அடித்த பயண டோக்கன்களும் இருக்கவே செய்தன. ஆனால் சட்டத்தின் சொற்கள் உலோகத்தோடு நின்றுவிட்டன. கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பரான வல்கனைட்டும், பின்னர் வந்த தொடக்ககாலப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டும் அந்தச் சொற்களுக்குள் அடங்கவில்லை. அதோடு, செல்லுலாய்டில் விரும்பிய நிறத்தைக் கலக்கலாம். அரைப்பென்னிக்கு ஒரு நிறம், ஒரு பென்னிக்கு இன்னொரு நிறம் என்று வைத்துவிட்டால் எழுத்தறியாதவரும் மயங்க மாட்டார். இன்று அத்தகைய டோக்கன் ஒன்று கையில் கிடைத்தால், கட்டைவிரலால் அழுத்திச் சூடேறத் தேய்த்துப் பாருங்கள்: செல்லுலாய்டு என்றால் மெலிதாகக் கற்பூரம் மணக்கும், ஏனெனில் அது கற்பூரம் சேர்த்துச் செய்யப்பட்ட பொருள்; வல்கனைட் என்றால் கந்தக வாடை வரும், வெயில் பட்டுக் கிடந்ததாயின் கறுப்பு மங்கிப் பழுப்பாகியிருக்கும்.

இத்தனை நன்மை இருந்தும், திருட்டைத் தடுக்கும் கருவியாக டோக்கன் பலவீனமானது என்பதே என் முடிவு. நடத்துநருக்குத் தள்ளுபடி விலையில் டோக்கன் கிடைத்துவிட்டால், பயணிகள் கொடுத்த பென்னிகளை எடுத்துக்கொண்டு அதே எண்ணிக்கையில் டோக்கன்களைப் பையில் போட்டுக் கணக்கு ஒப்படைக்கலாம். தள்ளுபடி எவ்வளவோ அவ்வளவும் அவருக்கு லாபம், கணக்கோ ஒரு பென்னிகூடப் பிசகாது. மேலும், டோக்கன் பேசாது. யார் எங்கே ஏறினார், எதுவரை போகக் காசு கொடுத்தார், இது எத்தனையாவது பயணம் என்ற எதையும் அது சொல்லாது. நடத்துநர் வாங்கிப் பையில் போட்ட பிறகு, காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் வேறுபாடு காட்ட வண்டியில் எந்தத் தடயமும் மிஞ்சாது. இடையில் ஏறும் பரிசோதகர் எதைப் பார்த்துச் சோதிப்பார்?

இந்த இடத்தில்தான் துளையிட்ட சீட்டு அடித்துக்கொண்டு முன்னேறியது. லண்டனில் 1878இல் தொடங்கப்பட்ட பெல் பஞ்ச் நிறுவனத்தின் கருவியை நடத்துநர் மார்பில் மாட்டியிருப்பார். கையில் ஒரு மரச்சட்டம், அதில் கட்டணத்துக்கு ஒரு நிறமாகச் சீட்டுக் கட்டுகள், ஒவ்வொரு சீட்டிலும் வரிசை எண். பயணி காசு கொடுத்ததும் ஒரு சீட்டை உருவிக் கருவியின் வாயில் செருகி அழுத்துவார். இறங்க வேண்டிய ஸ்டேஜுக்கு நேராகத் துளை விழும், மணி ஒலிக்கும், கருவிக்குள் இருக்கும் எண்ணும் பொறியில் ஒன்று கூடும், வெட்டுண்ட வட்டத் துணுக்கு பூட்டிய அறைக்குள் போய்ச் சேரும். கணக்கில் சந்தேகம் வந்தால் பணிமனையில் அந்த அறையைத் திறந்து, துணுக்குகளை நிறவாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். மேசைமேல் குவிந்த அந்தப் பொட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பயணியின் பென்னிக்குச் சாட்சி. வரிசை எண், எண்ணும் பொறி, துணுக்கு, பயணியின் கையில் உள்ள சீட்டு என ஒரே பரிமாற்றத்துக்கு நான்கு சாட்சிகள். டோக்கனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஸ்டேஜ் என்ற சொல்லைப் பேருந்தில் அன்றாடம் கேட்டுப் பழகிய நமக்கு, தூரத்துக்குத் தகுந்த கட்டணத்தைக் காகிதம் எவ்வளவு எளிதாகச் சுமக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

இதற்கும் ஓட்டை உண்டு. பயணி சீட்டைக் கேட்டு வாங்காவிட்டால் மணி ஒலிக்காது. கீழே கிடந்த பழைய சீட்டைப் பொறுக்கி இன்னொருவரிடம் நீட்டலாம். ஆனால் இந்த முறையின் பலத்துக்குச் சான்று, அதை எதிர்த்தவர்களிடமே இருக்கிறது. லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் நிறுவனம் நெடுங்காலம் சீட்டே இல்லாமல் குதிரைப் பேருந்துகளை ஓட்டியது; நடத்துநர்கள் வசூலில் ஒரு பகுதியை வைத்துக்கொள்வதை நிறுவனமும் கண்டும் காணாமல் விட்டிருந்தது, குறைந்த கூலிக்கு அது ஈடு என்பதுபோல. 1891இல் சீட்டு முறை புகுந்ததும் அந்த வருமானம் ஒரே நாளில் நின்றது. ஜூன் மாதத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. அவர்கள் கேட்டவற்றில் பன்னிரண்டு மணி நேர வேலைநாளும் ஒன்று என்பதை மறக்கக் கூடாது. அதையே சலுகையாகக் கேட்கும் நிலையில் இருந்த ஒரு மனிதரை வெறும் திருடர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நிறுவனம் கருவிக்குச் செலவழித்த அக்கறையில் பாதியைக் கூலியில் காட்டியிருந்தால், அந்த மணிக்குத் தேவையே குறைந்திருக்கும்.

அப்படியானால் டோக்கன் தோற்றதா? அமெரிக்க நகரங்களில் தோற்கவில்லை. எங்கு ஏறி எங்கு இறங்கினாலும் ஒரே கட்டணம் என்ற இடத்தில், டோக்கன் பேசாதது குறையே அல்ல. பெட்டியும் டோக்கனும் கைகோத்துக்கொண்டன. நியூயார்க் சுரங்க ரயிலில் 1953 முதல் 2003 வரை டோக்கன் புழங்கியதும் இதே காரணத்தால்தான். பிரிட்டனிலோ ஸ்டேஜ் கட்டணம் நிலைத்தது. 1894இல் மாநகராட்சியின் கைக்கு வந்த பிறகு கிளாஸ்கோவில் அரை மைலுக்கு அரைப்பென்னி என்ற கட்டணமும் வந்தது. இத்தனை நுணுக்கமான படிகளைச் சமாளிக்கக் காகிதத்துக்கு நிகரில்லை.

ஆயினும் ஒரு மூலையில் டோக்கன் பிடித்த இடத்தைச் சீட்டால் கைப்பற்ற முடியவில்லை. பயணம் செய்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர் என்ற இடம் அது: தபால்காரர், மாநகராட்சி ஊழியர், பள்ளிப் பிள்ளை. பையனிடம் இரண்டு பென்னி கொடுத்தால் மிட்டாய்க் கடையில் செலவழித்துவிட்டு நடந்தே போவான். டோக்கனைக் கொடுத்தால் டிராமில்தான் ஏறியாக வேண்டும். தனியார் நிறுவனங்களிடமிருந்து தடங்களை வாங்கிய மாநகராட்சிகள், துளையிட்ட சீட்டை எல்லோருக்கும் கொடுத்தபடியே, இவர்களுக்காகச் செல்லுலாய்டு டோக்கன்களைத் தங்கள் பெயரில் வெளியிட்டன.