ஒட்டுசுட்டான் பக்கத்துச் சைக்கிள் கடை: ஓர் அருட்சகோதரியின் அனுபவம்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்குப் பணிக்கு வரும் அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் முதலில் விசாரிக்க வேண்டியது நல்ல சைக்கிள் கடை எங்கே இருக்கிறது என்பதைத்தான். தங்குமிடம், தண்ணீர், சாப்பாடு பற்றி யாராவது சொல்லிவிடுவார்கள். சைக்கிளைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்குப் பின் இங்கே வரப்போகும் சகோதரிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம் போகும் வீதியோரம், ஒரு வேம்பின் கீழ் தகரக் கொட்டில். பெயர்ப் பலகை கிடையாது. முன்னால் தொங்கும் பழைய டயர்கள்தான் அடையாளம். நடத்துபவர் ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணை, எனக்கும் அப்படியே. அவருடைய மனைவியை அக்கா என்கிறேன். சில்லு, அச்சு, பிரேக் எல்லாம் அண்ணையின் கை. டியூப் ஒட்டுவது அக்காவின் கை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. புனித பிரான்சிஸ் சவேரியார் 1544இல் எங்கள் கரையோர ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்தார் என்று கேட்டு வளர்ந்தவள். அதே 1544இல் மன்னாரில் திருமுழுக்குப் பெற்றவர்கள் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டதையும் பாட்டி சொல்லுவார். அதனால் மறைபணிக்கு இலங்கை என்று எங்கள் சபைத் தலைவி சொன்னபோது, அறியாத நாட்டுக்குப் போகிறோம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. மொழியும் ஒன்றுதான். ஆனாலும் இது வேறு நாடு. விசாவும் கொழும்புப் பயணமும் அதை அவ்வப்போது நினைவூட்டுகின்றன. இரவில் அம்மாவோடு தொலைபேசியில் பேசி முடித்த பிறகு வரும் அமைதியும் நினைவூட்டுகிறது.

காலை ஐந்து மணிக்குச் செபம், தியானம். குருவானவர் வரும் நாளில் திருப்பலி. பிறகு முன்பள்ளிப் பிள்ளைகள். பிற்பகலில் வீடுகளைச் சந்திக்கப் புறப்படுவேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்கள். கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் தாய்மார். காணாமல் போன மகனின் படத்துக்கு மாலை போட மறுக்கும் ஓர் அம்மா. இவர்கள் இருப்பது பெரிய வீதியில் இல்லை. கிரவல் வீதியில் இறங்கி, வாய்க்கால் கட்டில் ஏறி, வயல் வரம்போரம் போக வேண்டும். பஸ் அங்கே போகாது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டைக்கு அளந்து பெட்ரோல் கொடுத்த நாட்களில், கன்னியர் மடத்து மோட்டார் சைக்கிளும் நின்றுபோனது. அப்போதிலிருந்து சைக்கிள்தான் என் வாகனம். பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் நான் மாறவில்லை. மோட்டார் சைக்கிளில் போனால் ஆட்கள் கையசைப்பார்கள். சைக்கிளில் போனால் படலையைத் திறந்து "வாருங்கள் சிஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள்.

என் சைக்கிள், போருக்குப் பின் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தவற்றில் ஒன்று. ஒரு குடும்பம் அதை மடத்துக்குத் தந்துவிட்டுப் போனது. கனமான இரும்புச் சட்டம். எங்கள் துறவற உடையோடு அதை ஓட்டுவது முதலில் ஆபத்தாக இருந்தது. உடையின் ஓரம் செயினில் சிக்கி ஒரு பக்கம் கிழிந்தே போனது. அண்ணை அதைப் பார்த்துவிட்டு, பாதிச் செயினை மட்டும் மறைத்த மூடியைக் கழற்றி எறிந்தார். பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து முழு மூடியை எடுத்து, தட்டி நேராக்கிப் பூட்டினார். பின் சில்லின் இரு பக்கமும் மட்காட்டிலிருந்து அச்சு வரை நைலான் நூலை விசிறியாகக் கட்டினார். உடை கம்பிகளுக்குள் போகாமல் தடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. பாவாடை, சேலை, துறவற உடை எதை அணிபவரும் இந்த இரண்டையும் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். மூடிக்கு மட்டும் காசு வாங்கினார். நூல் கட்டியதற்கு வாங்கவில்லை.

கைப்பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூர வழியில் நான் செபமாலை சொல்லிக்கொண்டே போவேன். குழி விழுந்த வீதியில் ஒரு கையில் செபமாலையைப் பிடித்து ஓட்ட முடியாது. என் கைப்பிடி ரப்பரில் வரி வரியாக மேடுகள் இருந்தன. பெருவிரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி அருள் நிறைந்த மரியே செபத்தைப் பத்துப் பத்தாக எண்ணுவேன். அந்த ரப்பர் தேய்ந்து வழுக்கத் தொடங்கியதும் புதியது கேட்டேன். கடையில் இருந்தவை எல்லாம் வழவழப்பானவை. வரியுள்ளதுதான் வேண்டும் என்று காரணத்தையும் சொன்னேன். அண்ணை சிரிக்கவில்லை. அடுத்த முறை பொருள் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனபோது தேடி வாங்கி வந்து பூட்டிவிட்டு, "எண்ணிப் பாருங்கள் சிஸ்டர், பத்து வருகிறதா என்று" என்றார். ஒன்பது வந்தது. கைப்பிடியின் விளிம்பைப் பத்தாவதாக வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னார். அப்படித்தான் இன்றும் எண்ணுகிறேன்.

ஒட்டுப் போடும் முறையை நின்று பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் விளாத்தி முள்ளும் காரை முள்ளும் டயருக்குப் பெரும் பகை. அக்கா டியூபைத் தண்ணீர்ப் பேசினில் அமிழ்த்தி ஓட்டையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்துவதில்லை. முழு டியூபையும் சுற்றிப் பார்ப்பார். பிறகு டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, விரல் நுனியால் மெல்லத் தடவுவார். முள்ளின் நுனி உள்ளேயே உடைந்து நின்றால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி காற்றுப் போகும். பசை பூசியதும் உடனே ஒட்டைப் பதிக்காமல், அது கையில் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை காத்திருப்பார். அவசரம் என்று எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் காத்திருப்பு குறையாது. அவர் போட்ட ஒட்டு எதுவும் என்னை வழியில் நிறுத்தியதில்லை. நகரத்துக் கடை ஒன்றில் வாங்கிய புது டயர் ஒரு வெயிற்காலத்திலேயே பக்கவாட்டில் வெடித்துப் போனது. அண்ணை அதற்குப் பதிலாகப் போட்டது விலை கூடியது, ஆனால் இன்னும் உழைக்கிறது.

ஒரு மாதத்தின் முதல் வெள்ளியன்று நடந்தது எனக்கு மிகவும் முக்கியமானது. முதல் வெள்ளிகளில் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சித்த அப்பம், கொண்டு போவேன். சிறு சிமிழில் வைத்து, கழுத்தில் தொங்கவிட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போக வேண்டும். வழியில் யாரோடும் பேச்சுக் கொடுப்பதில்லை. ஆண்டவர் கூடவே வருகிறார் என்பது எங்கள் விசுவாசம். அன்று கடைக்குச் சற்று முன்னால் பின் சில்லில் காற்று இறங்கியது. உருட்டிக்கொண்டு போனேன். அண்ணை கோவிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் கடையைத் திறந்து, பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்தார். என் கை நெஞ்சில் இருந்ததைப் பார்த்தார். வழக்கமாக "வாருங்கள் சிஸ்டர், தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்பவர் அன்று எதுவும் கேட்கவில்லை. முன்னால் நின்ற இருவரின் வேலையை அப்படியே வைத்துவிட்டு என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். அந்த இருவரும்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அக்கா ஒட்டுப் போட, அண்ணை காற்றடித்து, சைக்கிளை என் பக்கம் திருப்பித் தந்து ஒதுங்கி நின்றார். தலையசைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

மாலையில் காசு கொடுக்கப் போனபோது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அக்காதான் பதில் சொன்னார். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மன்னார் மாவட்டத்து மடுமாதா ஆலய வளாகத்தில் கொட்டில் போட்டுத் தங்கியிருந்தார்களாம். அங்கே குருவானவர்கள் இப்படி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நோயாளிகளிடம் போவதைத் தினமும் பார்த்தாராம். "அந்த நேரம் குறுக்கே போகக் கூடாது என்று என் அம்மா சொல்லித் தந்தவர்" என்றார். மடுமாதாவிடம் தஞ்சம் தேடி வந்தவர்களிடம் யாரும் சமயம் கேட்டதில்லை என்பதை நான் படித்திருந்தேன். அந்த இடத்தில் வளர்ந்த ஒருவரின் கை என் சைக்கிளைத் தொட்டது என்பதற்காக அன்றிரவு இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

வேறொரு நாள் அண்ணை நேராகவே கேட்டார்: "சிஸ்டர், நீங்கள் சனங்களை மதம் மாற்றவா வந்தீர்கள்?" கோபமாகக் கேட்கவில்லை. சில குழுக்கள் வீடு வீடாக வந்து, உதவிப் பொருளைக் காட்டிப் பேசியதில் ஊரில் மனக்கசப்பு இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் நோயாளிகளோடு இருக்கவும் வந்தேன் என்றேன். என் இயேசுவை யார் கேட்டாலும் சொல்வேன், ஒரு மூட்டை அரிசியைக் காட்டி யாரையும் கூப்பிட மாட்டேன் என்றும் சொன்னேன். சிறிது நேரம் பிரேக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, தன் மகளைக் கணிதம் படிக்க என்னிடம் அனுப்பலாமா என்று கேட்டார். அவள் இப்போதும் வருகிறாள்.

கடை வாசலில் ஒரு வாங்கு உண்டு. அதில் உட்கார்ந்தால் ஊர் தெரியும். முல்லைத்தீவிலிருந்து கரியரில் பெட்டி கட்டி மீன் விற்க வரும் ஐயா ஒருவர், நான் எந்தக் கரை என்று அறிந்ததும், இந்திய இழுவைப் படகுகள் தன் தம்பியின் வலைகளை அறுத்துப்போன கதையைச் சொன்னார். என் அப்பாவும் வலையை நம்பி வாழ்ந்தவர்; ஒரு வலை போனால் ஒரு வீடு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நான் வாதாடவில்லை. அவருடைய தம்பியின் பெயரைக் கேட்டு, அன்று முதல் என் செபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

டைனமோ சரிபார்க்கத் தெரிந்தவர்கள் இப்போது அரிது. இங்கே அது நன்றாக நடக்கும். போர்க்காலத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது மின்சாரமும் பட்டரியும் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அண்ணை. என் சைக்கிளுக்கும் ஒன்று பூட்டித் தந்தார். பொழுதுபட்ட பின் யானை இறங்கும் வீதிகளில் வெளிச்சம் மிக அவசியம். மெல்ல மிதித்தால் டைனமோ விளக்கு மங்கும். ஆகவே கிரவல் வீதியில் கைவிளக்கும் வைத்திருங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். தான் விற்கும் பொருளின் குறையைத் தானே சொல்லும் வியாபாரியை நம்பலாம்.

போரில் காலை இழந்தவர்களுக்கு அவர் செய்து தரும் பெடலையும் நீங்கள் பார்க்க வேண்டும். பழைய டியூபை வெட்டிப் பட்டியாகத் தைத்து, நல்ல காலை பெடலோடு இறுக்கும் வகையில் பூட்டுகிறார். அப்போது மிதிக்கும்போது மட்டுமன்றிக் காலை உயர்த்தும்போதும் பெடல் கூடவே வரும். ஒற்றைக் காலால் முழுச் சுற்றும் சுற்றலாம். நான் சந்திக்கும் வீடு ஒன்றில் இருப்பவர் அதைப் பூட்டிய பிறகு தன் தோட்டத்து மரக்கறியைத் தானே சந்தைக்குக் கொண்டு போகிறார். இதற்கு அண்ணை கூலி வாங்குவதில்லை. காசில்லாதவர்களின் கணக்கு ஒரு கொப்பியில் இருக்கும். காலபோக நெல் அறுவடை முடிந்ததும் பலர் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்க மாட்டார். பற்றுச்சீட்டு கிடையாது; மடத்துக் கணக்குக்கு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டும். மாரியில் வாசல் முழுவதும் சேறு. வேலை குவிந்தால் சொன்ன நாளில் சைக்கிள் கிடைக்காது. அவசரமென்றால் காலையிலேயே போய் நில்லுங்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடை பூட்டியிருக்கும், யாரைக் கேட்டும் பயனில்லை. அவர் போட்ட பிரேக் கட்டைகள் மழையில் எதிர்பார்த்தபடி பிடிக்கவில்லை. இரும்பு றிம் நனைந்தால் எந்தக் கட்டையும் அப்படித்தான் என்றார். நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே மெல்ல அழுத்தித் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளப் பழக்கினார். இப்போது பரவாயில்லை, ஆனாலும் இறக்கத்தில் கவனம் தேவை.

கோவாவிலிருந்து 1687இல் கூலியாள் வேடத்தில் இந்தத் தீவுக்கு வந்து, கத்தோலிக்க மறைபணியைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தர் கண்ணில் படாமல் ஊர் ஊராக நடந்த புனித யோசேப்வாஸ் அடிகளாரை நான் அடிக்கடி நினைப்பேன். அவருக்கு 2015 சனவரி 14 அன்று கொழும்பில் புனிதர் பட்டம் அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்தார். அந்த அடிகளார் வெறுங்காலோடு நடந்த நாட்டில் எனக்கு ஒரு சைக்கிளும், அதைப் பார்த்துக்கொள்ள இருவரும் கிடைத்திருக்கிறார்கள்.

கடை காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. வெள்ளிக்கிழமை ஒன்பதுக்குப் பிறகு. ஒட்டு ஒன்றுக்கு 100 ரூபாய், சில்லறையாகக் கொண்டு போங்கள். 26, 28 அங்குல டயரும் டியூபும் பொதுவாக இருக்கும். சிறுவர் சைக்கிளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் இரண்டு அச்சையும் கழற்றி, பேரிங் குண்டுகளைக் கழுவி, புதுக் கிறீஸ் வைத்துத் தரச் சொல்லுங்கள். மழை பிடித்த பிறகு போனால் ஊர் முழுவதும் அதே வேலைக்கு அங்கே நிற்கும்.