'ஆட்டோ கட்' ஸ்டிக்கரை நம்பி டியூபுலர் பேட்டரிக்கு சார்ஜர் வாங்காதீங்க

தள்ளுவண்டிக் கடை வைத்திருப்பவர்கள், இன்வெர்ட்டர் இல்லாமல் தனி சார்ஜரில் டியூபுலர் பேட்டரி (வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுவோமே, தண்ணி ஊத்துற பெரிய பேட்டரி) ஏற்றுகிறவர்கள் எல்லாரும் இதைப் படிச்சிட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

மதுரையில் சாயங்கால டிபன் வண்டி எங்களுடையது. 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்றில்தான் விளக்கு, சின்ன ஃபேன், பணம் வந்தால் கத்துமே அந்த ஸ்பீக்கர் எல்லாம் ஓடும். ராத்திரி வண்டியை வாசலில் நிறுத்தி, ஒயரை மாட்டிவிட்டுப் படுத்துவிடுவோம். இதையெல்லாம் சொல்லித்தான் சார்ஜர் கேட்டேன். "20 ஆம்ப் எடுத்துக்கங்கண்ணே, பாதி நேரத்துல ஏறிடும். ஃபுல் ஆனா தானா நின்னுடும்" என்றார் கடைக்காரர். பெட்டி மேலேயும் ஒட்டியிருந்தது: ஆட்டோ கட், எல்லா பேட்டரிக்கும் ஏற்றது.

கொஞ்ச நாளில் காலையில் வாசல் கதவைத் திறந்தாலே அழுகின முட்டை நாற்றம். சாக்கடை அடைச்சிருச்சு, மாநகராட்சிக்குப் போன் போடுங்க என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நாறியது பேட்டரி. மாசக்கணக்கில் தாங்க வேண்டிய டிஸ்டில்டு வாட்டர் வாரத்துக்கு வாரம் இறங்கியது, பக்கவாட்டில் பேட்டரி உப்பியது, கடைசியில் எட்டு மணிக்கெல்லாம் விளக்கு மங்க ஆரம்பித்தது.

தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி வந்து, சார்ஜ் ஓடும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 16 வோல்ட்டைத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அலுமினியத் தகட்டில் நாலு டயோடு, ஒரு ஃபேன். ஃபுல் ஆனதும் கரண்டைத் துண்டிக்கும் ரிலேயும் இல்லை, கண்ட்ரோல் போர்டும் இல்லை. 'ஃபுல்' என்று எழுதியிருந்த பச்சை விளக்கை ஒரு ரெசிஸ்டர் போட்டு அவுட்புட்டிலேயே இழுத்து விட்டிருந்தார்கள். வோல்ட் கூடக் கூட அது நல்லா பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். எதையும் நிறுத்தாது.

இது ஒர்க்‌ஷாப்பில் கார் பேட்டரிக்கு மாட்டும் சார்ஜர். அங்கே ஆள் பக்கத்திலேயே நிற்பார், ஏறியதும் கழற்றிவிடுவார். அதையே ராத்திரி பூரா மாட்டி வைக்கிறவனிடம் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். 14.4 வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரித் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். நம்ம வண்டியிலோ கேஸ் அடுப்பு! நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

டியூபுலருக்கு ஏஎச்-சில் பத்தில் ஒரு பங்கு ஆம்ப் போதும். 100-க்கு 10, 150-க்கு 15. பாதி காலியான 100 ஏஎச் பேட்டரி 10 ஆம்ப்பில் ஐந்தாறு மணி நேரத்தில் பெரும்பகுதி ஏறிவிடும், கடைசிக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். எப்படியும் விடிவதற்குள் முடிந்துவிடும். சார்ஜர் 14.4 வோல்ட் பக்கம் போய் அங்கேயே நிற்க வேண்டும், ஆம்ப் குறைந்ததும் 13.6 பக்கம் இறங்கிவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு இதிலும் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும் டெம்பரேச்சர் சென்சார் இருந்தால் இன்னும் நல்லது. ஜெல் பேட்டரி அதிக வோல்ட்டைத் தாங்காது, லித்தியத்துக்கு அதற்கென்றே செய்த சார்ஜர்தான். அதனால் 'எல்லா பேட்டரிக்கும்' என்று போட்டிருந்து, வகையை மாற்ற ஸ்விட்சோ செட்டிங்கோ இல்லையென்றால் கையில்கூட எடுக்காதீங்க.

கடையிலேயே நன்றாக ஏறிய பேட்டரி ஒன்றில் மாட்டி, டெர்மினலில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 15-ஐத் தாண்டி ஓடினால் அது ஆட்டோ கட் இல்லை. 'ஈக்வலைஸ் மோடுண்ணே' என்று சமாளிப்பார்கள். செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே வோல்ட்டைக் கூட்டி ஏற்றும் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் எப்போதாவது ஒருதரம் நாமாகப் போட்டால்தான் ஓடும், தினமும் தானாக ஓடாது.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "குழாய்த் தண்ணி ஊத்தியிருப்பீங்க" என்று ஒரே போடு. மீட்டர் வீடியோவைக் காட்டியதும், பழைய பேட்டரியைப் போட்டுட்டுப் புதுசு எடுங்க, கொஞ்சம் குறைச்சுத் தர்றேன் என்றார். அதாவது இன்னொரு வியாபாரம்! பேட்டரி கம்பெனிக்காரர்களோ ஓவர்சார்ஜுக்கு வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பில்லில் வெறும் 'சார்ஜர்' என்றுதான் எழுதித் தந்திருக்கிறார். நீங்கள் வாங்கினால் 'ஆட்டோ கட், 10 ஆம்ப்' என்று எழுதி வாங்குங்கள், ஸ்டிக்கரோடு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாததால் என்னிடம் ஸ்டிக்கர் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட்டால் போதும். கடையிலிருந்து பதில் வந்தால் கீழே சேர்க்கிறேன்.