தினம் ரெண்டு மாத்திரையா, மாதம் ஒரு ஊசியா?

பெங்களூர் அல்சூர் வீட்டில் துணி ஊறவைக்கும் முன் அம்மா தம்பியின் சட்டைப் பையைத் துழாவியபோது மனச்சிதைவுக்கு அவன் சாப்பிட வேண்டிய பதினோரு ரிஸ்பெரிடோன் மாத்திரைகள் வந்தன, எல்லாம் பாதி கரைந்து, பஞ்சு ஒட்டிக்கொண்டு. தினமும் ராத்திரி அம்மா கண் முன்னால்தான் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். நாக்குக்கு அடியில் ஒதுக்கியிருக்கிறான். மனச்சிதைவு நோய் உள்ள பல வீடுகளில் நடப்பதுதான் இது. தனக்கு நோயே இல்லை என்று நம்பவைப்பதும் அந்த நோயின் வேலை என்பதால் 'ஏமாத்திட்டான்' என்று கத்துவதில் பிரயோஜனம் இல்லை. (கத்தினோம்.)

அப்புறம்தான் ஊசிப் பேச்சு வந்தது.

மாத்திரையின் பலம், அளவை உடனுக்குடன் கூட்டலாம், குறைக்கலாம். எந்த மருந்து ஒத்துவரும் என்றே தெரியாத ஆரம்பத்தில் அதுதான் சரி. ஊசி போடுவதற்கு முன்பும் அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து உடம்பு ஏற்கிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் ஊசியில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஹாலோபெரிடால், ஃப்ளூஃபெனசின் ஆகிய பழைய டெப்போ ஊசிகளில் (ஒரு தடவை போட்டால் வாரக்கணக்கில் வேலை செய்பவை) மருந்து நல்லெண்ணெயில்தான் கலந்திருக்கிறது. இதைச் சொன்னதும் "எண்ணெய்தானா, அப்ப ஒண்ணும் பண்ணாது" என்று அம்மாவுக்கு நிம்மதி. பண்ணும். தசைக்குள் தங்கி வாரக்கணக்கில் கசிகிற மருந்து கை நடுக்கம், விறைப்பு கொடுத்தால் அதுவும் வாரக்கணக்கில்தான் இறங்கும். சிலருக்கு ஒரு இடத்தில் உட்காரவே முடியாது, நடந்துகொண்டே இருப்பார்கள், வீட்டில் நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடுவோம். புதிய பாலிபெரிடோன் ஊசியில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு, மூன்று மாதத்துக்கு ஒன்று என்கிற வகையும் உண்டு, ஆனால் விலை பழையதைவிடப் பல மடங்கு.

'ஊசின்னா கேஸ் சீரியஸ்' என்பது சும்மா. உள்ளே போவது அதே மருந்துதான். என் கணக்கில் ஊசியின் பெரிய லாபம், சந்தேகம் தீர்வது. மாத்திரையை நிறுத்தினால் காதில் குரல் கேட்க ஆரம்பித்த பிறகுதான் நமக்குத் தெரியும். ஊசிக்கு வராவிட்டால் அன்றைக்கே தெரியும், உடம்பில் மிச்ச மருந்து இருக்கும்போதே ஆளைப் பிடித்துவிடலாம். மருந்து வேலை செய்யவில்லையா, வயிற்றுக்கே போகவில்லையா என்ற குழப்பமும் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை: இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் கேட்காதவர்களுக்குத்தான் க்ளோசபின் என்கிற மாத்திரை. அதற்கு டெப்போ ஊசி கிடையாது, வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேறு. சட்டைப் பையில் கிடந்த மாத்திரையை நம்பி அங்கே போகக் கூடாது.

தேர்வு அவனுடையதாக இருக்கட்டும் என்றார் டாக்டர். தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே இடம் கொடுக்கிறது. தம்பி கேட்டது ஒன்றுதான்: "ஊசி போட்டா அம்மா என் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டாங்கல்ல?"

இப்போது மாதம் ஒரு நாள் பஸ் பிடித்து ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரியில் அவனே போய் இறங்குகிறான். நர்ஸ் கன்னடத்தில் "எடனா, பலனா" (இடதா, வலதா) என்று கேட்பதற்குள், போன தடவை வலது, இந்தத் தடவை இடது என்று சொல்லிவிடுகிறானாம்.