சூடானால் வண்டி தானாக ரேஸ் ஆகிறதா? கார்ப்பரேட்டரை மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய பைக்கை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு புது வண்டிகள் பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்ப்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஆகிவிட்டன. நம் வண்டியைத் திறந்தால் பல ஒர்க் ஷாப்பில் விழிக்கிறார்கள். விழிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பில்லைத்தான் பொறுக்க முடியவில்லை.

என்னுடையது 2014 மாடல், 150 சிசி. காலையில் சோக் போட்டு எடுத்தால் சமர்த்தாக நிற்கும். சென்னை ஆற்காடு ரோட்டில் நாலு சிக்னல் தாண்டி இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கிளட்ச் பிடித்து நின்றால் ஆர்பிஎம் முள் 3000-க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அது நிற்க வேண்டிய இடம் 1400 பக்கம். பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர், நான் வேண்டுமென்றே ரேஸ் விடுவதாக நினைத்து முறைப்பார்.

வீட்டுப் பக்கத்து மல்டிபிராண்ட் கடையில் விட்டேன். பையன், ஆக்சிலேட்டர் விட்டபின் வண்டி நிற்கும் வேகத்தை வைக்கும் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருகி இறக்கினான், பிளக்கைக் கழற்றித் துடைத்தான், டியூனிங் என்று 250 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் சோக்கை எடுத்ததும் வண்டி ஆஃப். மாலையில் பழையபடி ரேஸ். திரும்பப் போனதும் ஓனரே வந்து பார்த்தார். "சிலைடு தேஞ்சுபோச்சு சார், பாடியும் போச்சு. புது கார்ப்பரேட்டர் போட்டாதான் நிக்கும். ஒரிஜினலே போட்டுத் தர்றேன்." 4,200 ரூபாய், லேபர் 600. கையில் கொடுத்தது ஒரு வெள்ளைச் சீட்டு: 'கார்ப் 1, லேபர்'. பார்ட் நம்பர் கிடையாது, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, கடை பேர்கூடக் கிடையாது.

புதுசு போட்டும் 3000 இறங்கவில்லை. இந்த முறை நோய் வேறு. "அப்போ வால்வுதான் சார். இன்ஜின் ஹெட் இறக்கணும், ஒம்பதாயிரம் ஆகும்." சரி, பழைய கார்ப்பரேட்டரைக் கொடுங்கள் என்றேன். ஸ்கிராப்பில் போய்விட்டதாம். முந்தின நாள் கழற்றிய சாமான்! குனிந்து புதுசைப் பார்த்தேன். பழையதில் கம்பெனி பெயர் வார்ப்பிலேயே எழும்பி, விரலால் தடவினால் தெரியும். இதில் அந்த இடம் மழுங்கலாக, பெயரே இல்லாமல் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சைதாப்பேட்டையில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கும் வயசான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. இன்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு, ஹேண்டில் பாரை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பினார். சத்தம் மாறவில்லை. மாறியிருந்தால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கிறது என்று அர்த்தமாம். அப்புறம் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை முழுக்க வெளியே தளர்த்தினார். அப்போதும் இறங்கவில்லை. "காத்து வழியை மூடுற பட்டர்ஃபிளை தகடு மூடியாச்சு தம்பி. அதுக்கப்புறமும் ரேஸ் ஆகுதுன்னா காத்து வேற வழியா உள்ள போவுது." கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மேல் கார்ப் கிளீனரைத் துளி அடித்தார். இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. (அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும். சூடான சைலன்சர் பக்கத்தில் நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம்.)

ரப்பரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மேலாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அடிப்பக்க மடிப்பில் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வளைத்தால் வாயைத் திறக்கிறது, வெளிச்சம் தெரிகிறது. ஹெட் பக்கத்து ஓ-ரிங், அதாவது கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டும் சேர்த்து 310 ரூபாய். மாட்டி, இன்ஜினை மறுபடி சூடாக்கி, அதற்குப் பிறகுதான் ஸ்லோ ஸ்பீடு வைத்தார். 1400. லேபர் 150 கேட்டார், கூடவே கொடுத்தேன்.

காலையில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். சோக் போட்டிருக்கும்போது பெட்ரோல் அதிகமாகப் போகும், திருட்டுக்காற்றை அது சமாளித்துவிடும். சூடேறியதும் ரப்பர் இளகி வெடிப்பு விரியும், ஆயிலும் இளகி இன்ஜின் லேசாகச் சுற்றும், கூடுதல் காற்று முழுக்க ஆர்பிஎம்மில் தெரியும். இப்படியே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும், பிளக் முனை வெளுத்துப்போகும். என்னுடையது சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

என் கோபமே இங்கேதான். அதே பிளக்கைத்தான் அந்தக் கடையில் துடைத்துக் காசு வாங்கினார்கள். கார்ப்பரேட்டரை மாற்ற வேண்டுமென்றால் அந்த ரப்பரிலிருந்துதான் உருவி எடுக்க வேண்டும், புதுசை அதே ரப்பரில்தான் சொருக வேண்டும். வெடித்த சாமானைக் கையில் பிடித்துக்கொண்டே நல்ல சாமானை மாற்றியிருக்கிறார்கள். தெரியாமல் செய்ததாக நம்ப எனக்கு மனசு வரவில்லை.

பணத்தைக் கேட்கப் போனபோது, மாட்டின பார்ட்டை ரிட்டன் எடுக்க மாட்டோம் என்றார் ஓனர். முறையான பில் கொடுக்காததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்றதும் குரல் இறங்கியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஜிபேயில் அனுப்பிய பதிவு, அந்த வெள்ளைச் சீட்டு, வெடித்த ரப்பர் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் எந்தக் கடையில் விட்டாலும், கழற்றும் சாமான் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் எல்லாமே ஸ்கிராப்பில்தான் இருக்கும்.

போன வாரம் கடையிலிருந்து ஆள் வந்தது, 2,000 தருகிறோம், புகாரை விட்டுவிடுங்கள் என்று. முழுப் பணமும் வேண்டும், பழைய கார்ப்பரேட்டரும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது ஓனர், குடோனில் தேடிப் பார்க்கிறேன் என்கிறார்.