பாகாயத்தில் பொது சுகாதாரப் பிஎச்.டி.: சேரும் முன் பார்க்க வேண்டியவை

வேலூரில் பொது சுகாதாரத்தில் பிஎச்.டி. செய்தால், செலவழிக்கும் காலத்துக்கு ஈடாகக் கிடைப்பது, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) களமான கணியம்பாடி ஒன்றியம்தான். அதைப் பயன்படுத்தத் தெரிந்து வருபவருக்கு நாட்டிலேயே நல்ல இடங்களில் இது ஒன்று. வகுப்பு நடத்தி, நோட்ஸ் கொடுத்து, கைபிடித்து அழைத்துப் போவார்கள் என்று வருபவருக்கு இரண்டாம் வருடமே கசந்துவிடும்.

எது யாருடையது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி, சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கைடு, களம், ஆய்வகம் எல்லாம் வேலூரில். பதிவும் பட்டமும் கிண்டியில். கம்யூனிட்டி மெடிசினில் எம்.டி. முடித்தவர்களில் சிலர் அதையே டாக்டரேட் என்று எண்ணிக்கொள்வதுண்டு. அது முதுநிலைப் பட்டம், பிஎச்.டி.க்கு உள்ளே நுழைய உதவும் தகுதி, அவ்வளவுதான்.

இனி களத்துக்கு வருவோம். ஓர் ஊரில் பத்துப் பேருக்கு சர்க்கரை நோய் என்றால், எத்தனை பேரில் பத்து? ஆஸ்பத்திரிப் பதிவேடு இதற்குப் பதில் சொல்லாது. கணியம்பாடி சொல்லும். ஊரிலேயே இருக்கும் பகுதிநேரப் பணியாளர், அவருக்கு மேல் ஹெல்த் எய்ட், அதற்கு மேல் பொது சுகாதார நர்ஸ், பிறகு டாக்டர் என்று நான்கு அடுக்காக, கர்ப்பம், பிறப்பு, இறப்பு மூன்றையும் பல பத்தாண்டுகளாகப் பதிந்து வருகிறார்கள். வேறு இடங்களில் ஆய்வு மாணவர் வீட்டுப் பட்டியல் தயாரிப்பதிலேயே மாதக்கணக்கில் கழிப்பார். இங்கே டினாமினேட்டரை, அதாவது ‘எத்தனை பேரில்’ என்ற அந்த எண்ணை, கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம். கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 1977 முதல் இயங்கும் ரூஷா, அதாவது சி.எம்.சி.யின் கிராமப்புற சுகாதார, சமூகப் பணிப் பிரிவு, இன்னொரு களம். மருத்துவத்தோடு வாழ்வாதாரம், சமூகப் பணி சேர்ந்த கேள்விகளுக்கு அது பொருத்தம். தொழுநோய் என்றால் 1955இல் தொடங்கிய கரிகிரி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த மண்ணில் என்ன சாத்தியம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1980களில் சி.எம்.சி.யின் வைராலஜி நிபுணர் டாக்டர் டி. ஜேக்கப் ஜானின் குழு, பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதும் அரசு டாக்டர்கள், தனியார் டாக்டர்கள் இருவரையும் சேர்த்து, தபால் கார்டிலேயே நோய்த் தகவல் அனுப்ப வைத்தது. மாவட்ட அளவிலான நோய்க் கண்காணிப்பு முறை அதிலிருந்து பிறந்தது. அடுத்தது, வேலூர் நகரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்த ரோட்டாவைரஸ் ஆய்வு. முடிவு 2011இல் வெளியானது. மூன்று முறை தொற்று வந்து போன பிறகும் மிதமான, கடுமையான வயிற்றுப்போக்கிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான் என்று அது காட்டியது. வேறு நாட்டுக் கணக்கை வைத்துத் தடுப்பூசியின் பலனை இங்கே மதிப்பிட முடியாது என்பது அதனால் தெளிவானது.

ஆனால் களம் தயாராக இருப்பதே ஒரு பொறியும்கூட. பல பத்தாண்டுகளாக சேவை கிடைத்து வரும் ஒன்றியத்தின் தாய்-சேய் நலக் குறியீடுகளை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. தவிர, கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊர்கள் இவை. நாற்பது பக்க வினாத்தாளோடு போனால், இருபதாம் பக்கத்திலிருந்து எல்லாவற்றுக்கும் ‘ஆமா’தான் வரும்.

பிறப்பிலிருந்து பின்தொடரும் ஆய்வு செய்பவர்கள் தாய்வீட்டுக் கணக்கை மறந்தால் தொலைந்தார்கள். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வருவாள், பிரசவம் அங்கே நடக்கும், மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துக் குழந்தையோடு புகுந்த வீட்டுக்குப் போவாள். பிரசவத்தின்போது சேர்த்த குழந்தைகளில் கணிசமானவை அத்தோடு கைவிட்டுப் போகும். அதுவும் தலைப்பிள்ளைகளே அதிகம் போகும், ஆகவே மிச்சமிருப்பது ஒருபக்கம் சாய்ந்த கூட்டம். இதற்கு மருந்து, சேர்க்கும்போதே கணவர் வீட்டு முகவரியைக் கேட்பது, இரண்டு வீட்டு போன் எண்களையும் வாங்குவது, ‘ஆறு மாதமாவது இங்கே இருப்பவர்’ என்பது போல வசிப்பவருக்கான வரையறையைத் திட்டத்திலேயே எழுதிவிடுவது.

பகலில் மட்டும் சர்வே எடுப்பது இன்னொரு தவறு. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ கம்பெனி வண்டிகள் காலையிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்களும் உடம்பு சரியில்லாதவர்களும்தான். ரத்த அழுத்தம் அளந்தால் எண்ணிக்கை ஏறித்தான் வரும். ஞாயிறும் சாயங்காலமும் ஒதுக்க வேண்டும். அளக்கும்போது ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுப்பது முறை. கைக்குப் பொருந்தாத சிறிய கஃப் (கையில் சுற்றும் பட்டை) அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். ஒப்புதல் படிவம் தமிழில் மட்டும் இருந்தால் ஆம்பூர், வாணியம்பாடியில் உருதுக்காரர்களும், ஆந்திர எல்லையோரக் கிராமங்களில் தெலுங்குக்காரர்களும் விடுபடுவார்கள்.

மாவட்டப் புள்ளிவிவரம் எடுப்பவர்கள் எல்லைக்கோட்டைப் பார்த்தே ஆக வேண்டும். வட ஆற்காடு 1989இல் பிரிந்தது. வேலூர் 2019இல் மூன்றானது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் வரும் 39 லட்சம் பழைய வேலூருடையது. தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றும் 2017 மார்ச் எல்லையையே வைத்துக்கொண்டது. அதில் ‘வேலூர்’ என்று இருப்பதை இன்றைய வேலூர் என்று எடுத்து எழுதிய ஆய்வேட்டை, கவனமான தேர்வாளர் முதல் அத்தியாயத்திலேயே பிடித்துவிடுவார்.

பலவீனம் எங்கே என்றால், கோர்ஸ் வொர்க்கில். இது வேலூரின் குறை மட்டுமில்லை, இந்தியப் பிஎச்.டி.யின் அமைப்பே அப்படி. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி குறைந்தபட்சம் 12 கிரெடிட், அதிலேயே ஆய்வு நெறியும் அடக்கம். எபிடெமியாலஜி (நோய்ப் பரவலியல்), புள்ளியியல் இரண்டையும் அடியிலிருந்து கற்க அது காணாது. அடிக்கடி கவிழ்வது, ஆய்வில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற கணக்கில். 50 சதவீதப் பரவல், 5 சதவீதத் துல்லியம் என்றால் 384 பேர் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ஊர் ஊராகத் தேர்ந்தெடுக்கும்போது, ஊருக்கு 20 பேர், ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு 0.05 என்றால், டிசைன் எஃபெக்ட், அதாவது எண்ணிக்கையை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பது, 1 + 19 × 0.05 = 1.95. எண்ணிக்கை 749 ஆகிறது. பத்து சதவீதம் பேர் மறுப்பார்கள் என்றால் 749ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும், 833 வரும். பத்து சதவீதத்தைக் கூட்டுபவர்களுக்கு 824தான் வரும். கடைசியில் ஆட்கள் குறைவதும், கைடு முகம் சுளிப்பதும் இதனால்தான். இங்கே உள்ள நல்ல விஷயம், சி.எம்.சி.யில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் தனித் துறையாகவே இருக்கிறது. தரவு சேர்த்த பிறகு அங்கே போவதால் பயன் குறைவு. வினாத்தாள் எழுதும் முன் போக வேண்டும். ஆர் அல்லது ஸ்டேட்டா, ஏதாவது ஒரு புள்ளியியல் மென்பொருளில் கை பழகி வருவது நல்லது.

அனுமதிகளை வரிசை மாறாமல் வாங்க வேண்டும். ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழு, பிறகு களம். சிகிச்சைச் சோதனை என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐயில் (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு. வெளிநாட்டுப் பணம் அல்லது கூட்டு என்றால் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துத் தரவு வேண்டுமென்றால் சென்னையில் துறை அனுமதி தனி. தரவு எடுத்துவிட்டு நெறிமுறைக் குழுவிடம் பின்தேதி ஒப்புதல் கேட்டால் கிடைக்காது.

கால அளவு குறைந்தது மூன்று வருடம், சேர்ந்ததிலிருந்து ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடத் தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. பகுதிநேரமாகவும் செய்யலாம், வேலை பார்க்கும் இடத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பல்கலைக்கழகம் இதன்மேல் தன் விதிகளையும் வைக்கும், அந்தந்த வருட அறிவிப்பைப் படியுங்கள். பணம்: யுஜிசி நெட் தேர்வில் சமூக மருத்துவத்துக்குத் தனிப் பாடமே உண்டு, ஜேஆர்எஃப் என்ற பெல்லோஷிப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. பெல்லோஷிப் இல்லாமல், கைடின் புராஜெக்ட் சம்பளத்தை நம்பி மட்டும் சேர்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். புராஜெக்ட் முடிந்தால் சம்பளம் நிற்கும், ஆய்வேடு நிற்காது.

யாருக்கு இது வேண்டாம்? நோய்ப் பரவல் விசாரணை, அவுட்பிரேக் வேலை பிடித்தவர்கள் சென்னை அயப்பாக்கம் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தைப் பார்க்கலாம். 2001 முதல் களத் தொற்றுநோயியல் பயிற்சி நடக்கிறது. சுகாதாரக் கொள்கை, பாலினம், செலவு போன்ற கேள்விகளுக்கு திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் பொருத்தமாக இருக்கும். துறையை நடத்தும் நிர்வாகியாக வேண்டும் என்பவர் தேடுவது டாக்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த் என்ற வேறு பட்டம். அமெரிக்காவில் பல இடங்களில் உண்டு, இங்கே அரிது.

கைடுக்கு எழுதும் முதல் மெயிலில் சி.வி.யை மட்டும் இணைத்து ‘உங்கள் கீழ் பணியாற்ற ஆவல்’ என்று எழுதினால் பதில் வருவது கடினம். ஒரே பக்கத்தில் கேள்வி என்ன, எந்த ஊர்கள், எந்தப் பதிவேடு, எத்தனை பேர், அந்த எண் எப்படி வந்தது என்று எழுதுங்கள். கூடவே மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இப்போது அவரிடம் எத்தனை மாணவர்கள் (பேராசிரியருக்கு யுஜிசி உச்சவரம்பு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4), ஓய்வுக்கு எத்தனை வருடம் பாக்கி, சேரும் தரவில் முதல் ஆசிரியர் யார். மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு கைடைத் தேடுங்கள்.