நோராட் சாண்டா ட்ராக்கர்: சந்தேகப்பட ஆரம்பிச்ச பிள்ளையோட பாக்க எப்படி இருக்கு?

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி சாண்டா, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தா, எங்க பறந்துக்கிட்டு இருக்காருன்னு மேப்ல காட்டுற வெப்சைட் தான் இது. சின்னப் பிள்ளைங்களுக்கு இது சூப்பரா இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அத நான் திரும்ப எழுதல. ஏழு எட்டு வயசாகி "நிஜமாவே கிறிஸ்துமஸ் தாத்தா தான் கிஃப்ட் வைக்கிறாரா, இல்ல நீங்களா"ன்னு நம்ம முகத்தையே பாத்துக்கிட்டு கேக்குற பிள்ளை வீட்ல இருந்தா இத காட்டலாமா வேணாமாங்கிறது தான் என் ரிவியூ. தாராளமா காட்டலாம். ஆனா சாண்டா நிஜம்ங்கிறதுக்கு ஆதாரம்னு மட்டும் அந்தப் பிள்ளைகிட்ட இத காட்டிடாதீங்க, அது ஏன்னு கீழ சொல்றேன்.

நோராட்ங்கிறது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்துற வான் பாதுகாப்பு அமைப்பு. வருஷா வருஷம் டிசம்பர்ல இவங்க வெப்சைட்ல கவுண்ட்டவுன், கேம்ஸ், பாட்டுன்னு ஆரம்பிச்சு, 24ம் தேதி மேப்ல சாண்டா எங்க பறந்துக்கிட்டு இருக்காருன்னு லைவா காட்டுவாங்க. ஃபோன் பண்ணி கேட்டா வாலண்டியர்ஸ் எடுத்து பதில் சொல்வாங்க. வெப்சைட் பாக்க காசு கிடையாது. தமிழ் கிடையாது, ஆனா மேப் பாக்க மொழி பெருசா தேவப்படாது.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த மேப் தான். ஒரே ராத்திரில உலகம் பூரா எப்படி போவாருன்னு தான் முக்காவாசி பிள்ளைங்களுக்கு முதல் சந்தேகமே வரும். மேப்ல அவர் பசிபிக் பெருங்கடல்ல, புது நாள் முதல்ல பிறக்குற தேதிக்கோடு இருக்க பக்கம் ஆரம்பிச்சு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான், ஆசியா, அப்புறம் ஆப்பிரிக்கா ஐரோப்பா, கடைசில அமெரிக்கான்னு மேற்கு நோக்கியே போவார், அதாவது ராத்திரி நகர நகர அதோடவே சேர்ந்து அவரும் நகர்றார். இத கவனிச்ச உடனே என் பொண்ணு குளோப எடுத்துட்டு வந்து எந்த ஊர்ல இப்ப மணி என்னன்னு கணக்கு போட உக்காந்துட்டா, சாண்டா இருக்காரா இல்லையாங்கிறது கொஞ்ச நேரம் அவளுக்கு முக்கியமாவே படல. சந்தேகப்படுற வயசுங்கிறது கணக்கு போட்டுப் பாக்குற வயசும் தான, அதுக்கு இந்த மேப் நல்லா தீனி போடுது.

இப்ப எனக்கு உறுத்துற இடத்துக்கு வர்றேன். ராடார், சாட்டிலைட், போர் விமானம் எல்லாம் வச்சு தான் சாண்டாவ ட்ராக் பண்றோம்னு இவங்க விளக்கம் குடுக்குறாங்க, சாண்டாவோட வண்டிய இழுக்குற கலைமான் ருடால்ஃபோட சிவப்பு மூக்குல இருந்து வர்ற சூட்ட சாட்டிலைட் கண்டுபிடிச்சிடுமாம். கேக்க அழகா இருக்கு. ஆனா நம்பலாமா வேணாமான்னு தடுமாறிக்கிட்டு இருக்க பிள்ளைகிட்ட "பாரு, மிலிட்டரி ராடார்லயே தெரியுது, இன்னும் என்ன சந்தேகம்"னு பெரியவங்க சொல்லிட்டா, அது தானா யோசிச்சு கண்டுபிடிச்சத நாம தப்புன்னு அடிச்சு உக்கார வைக்கிற மாதிரி ஆயிடும். அடுத்த வருஷம் உண்மை தெரியும்போது சாண்டா போனது கூட அதுக்கு பெருசா வலிக்காது, நாம அவ்வளவு தூரம் நிஜம்னு சாதிச்சது தான் வலிக்கும். போர் விமானம் பக்கத்துல பறக்குற மாதிரி காட்டுறதுக்கு 2013ல அமெரிக்காவுலயே எதிர்ப்பு வந்துச்சு, எனக்கும் அது இல்லாமலே நல்லா இருக்கும்னு தான் தோணுது.

எங்க வீட்ல மேப் ஓடிக்கிட்டு இருக்கும்போதே என் பொண்ணு கேட்டா, "அம்மா, ராடார்ல நிஜமாவே தெரியுதா?" "நீ என்னடா நினைக்கிற?"ன்னு கேட்டேன். "யாரோ கம்ப்யூட்டர்ல பண்றாங்கன்னு நினைக்கிறேன்"னா. ஆமாடா, நீ நினைச்சது கரெக்ட் தான்னு சொல்லிட்டு, இது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொன்னேன், இந்த சர்வீஸ்ல இருக்க பெரிய பொக்கிஷமே அந்தக் கதை தான்னு நினைக்கிறேன்.

1955ல அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ்ங்கிற ஊர்ல சியர்ஸ் கடை விளம்பரத்தப் பாத்து சாண்டாவுக்கு ஃபோன் போட்ட ஒரு குழந்தையோட கால், நோராடுக்கு முன்னாடி இருந்த கோனாட்ங்கிற வான் பாதுகாப்பு மையத்துக்குப் போயிடுச்சு. எடுத்தது கர்னல் ஹாரி ஷூப். விளம்பரத்துல நம்பர் தப்பா அச்சாச்சா, குழந்தை ஒரு நம்பர மாத்திப் போட்டுடுச்சாங்கிறதுல ரெண்டு விதமா சொல்றாங்க. யாரோ விளையாடுறாங்கன்னு நினைச்சு அவர் முதல்ல கடுப்பானார்னும், அந்தப் பக்கம் குழந்தை அழ ஆரம்பிச்ச உடனே சாண்டா மாதிரியே பேசினார்னும் அவரோட பிள்ளைங்க பின்னாடி சொல்லியிருக்காங்க. சாண்டாவ ட்ராக் பண்ற வழக்கம் அதுல இருந்து தான் ஆரம்பிச்சுச்சு, 1958ல நோராட் வந்த பிறகு அவங்க இத எடுத்து நடத்துறாங்க.

முழுசா கேட்டுட்டு என் பொண்ணு கேட்ட ஒரே கேள்வி, "அவரு ஃபோன வச்சிருக்கலாம்ல, ஏன் வைக்கல?" இதுக்கப்புறம் நாங்க பேசினது எல்லாம் அந்தக் கேள்வியப் பத்தி தான். சாண்டா பொய்யா நிஜமான்னு பேசினா அது ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும். அடுத்த நாடு சண்டைக்கு வருதான்னு ராடார் பாத்துக்கிட்டு இருந்த மனுஷன் ஒருத்தர், யாருன்னே தெரியாத பிள்ளைக்காக ஏன் நேரம் ஒதுக்கினார்ங்கிறத எவ்வளவு நேரம் வேணா பேசலாம்.

சொன்னா பிள்ளை உடைஞ்சு போயிடுமோன்னு பயப்படுறவங்களுக்கு ஒரு தகவல். 1994ல ஆண்டர்சன், பிரெண்டிஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள், சாண்டாவ நம்புறத விட்ட 52 பிள்ளைங்ககிட்ட பேசி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பெரும்பாலும் ஏழு வயசு வாக்குல அதுங்களே கண்டுபிடிச்சிருக்குங்க, அதிகமா நல்ல உணர்வுகளத் தான் சொல்லியிருக்குங்க. வருத்தப்பட்டது பெத்தவங்க தான்!

அதுக்காக கேக்காத பிள்ளைகிட்ட நாமளா போய் உடைக்கணும்னு இல்ல. 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி இதே நோராட் நிகழ்ச்சில ட்ரம்ப் ஒரு ஏழு வயசுப் பிள்ளைகிட்ட இன்னும் சாண்டாவ நம்புறியா, ஏழு வயசுன்னா நம்புறதும் நம்பாததும் விளிம்புல இருக்க வயசாச்சேங்கிற மாதிரி கேட்டது பெரிய பேச்சாச்சு. அந்தப் பிள்ளை ஆமாம் சார்னு சொல்லிட்டு நம்பிக்கையோடவே இருந்துச்சு. விளிம்புக்கு எப்ப வரணும்னு பிள்ளையே முடிவு பண்ணட்டும், நமக்கு என்ன அவசரம்?

பிள்ளையோட பேரு, ஃபோட்டோ எல்லாம் குடுத்தா சாண்டாவே பேசுற மாதிரி வீடியோ செஞ்சு தர்ற காசு சர்வீஸ் நிறைய இருக்கு. மூணு நாலு வயசுக்கு ஓகே. கேள்வி கேக்க ஆரம்பிச்ச பிள்ளைக்கு வேணாம், "உன்னப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்"னு ஸ்க்ரீன்ல ஒருத்தர் சொன்னா அதோட சந்தேகத்த ஏமாத்தி அடக்குற மாதிரி தான் எனக்குப் படுது. நோராட் மேப் பிள்ளையோட பேர சொல்லாது, நீ நல்ல பிள்ளையான்னு கேக்காது, நம்புனா தான் கிஃப்ட்னும் சொல்லாது. நம்புறவங்களும் பாக்கலாம், நம்பாதவங்களும் பாக்கலாம்.

வீட்ல சின்னது ஒண்ணு இன்னும் நம்பிக்கிட்டு இருந்தா, பெரியவகிட்ட பேசுற பேச்ச 24ம் தேதிக்கு முன்னாடியே தனியா முடிச்சிடுங்க. அன்னைக்கு ராத்திரி ரெண்டும் ஒரே ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருக்கும்போது இந்தக் கேள்வி வந்தா ரெண்டுக்குமே சரியா பதில் சொல்ல முடியாது.