பூஸ்ட் அதிகமாகிறது என்று போனால் டர்போவையே மாற்றிவிடுவார்கள், உஷார்

ஒரு சாண் ரப்பர் ஹோஸ் கிழிந்ததற்கு எனக்குப் புது டர்போவே போட்டுவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் காசு போச்சு, தொலையட்டும் என்று விட்டிருப்பேன். டர்போ மாற்றியும் தீராத கோளாறை என் கண்ணிலிருந்து மறைக்க அவர்கள் செய்த வேலைதான் இதை எழுத வைக்கிறது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் போகட்டும்.

வண்டி நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல். ஓவர்டேக் செய்ய நன்றாக மிதித்தால் முதலில் வழக்கத்தைவிட வேகமாகப் பாயும். அட, நல்லா இழுக்குதே என்று நினைத்து முடிப்பதற்குள், பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி ஒரு வெட்டு. இன்ஜின் விளக்கு எரியும். அதற்கப்புறம் உயிரே இல்லாமல் ஊர்ந்து வரும். ஓரம் கட்டி, ஆஃப் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். காலையில் எடுத்தவுடன் இது வராது; அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் வரும். இந்தக் கடைசி விவரத்தைக் கடையில் இரண்டு முறை சொன்னேன். ஜாப் கார்டில் "பிக்கப் இல்லை" என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

ஸ்கேனர் மாட்டினார்கள். பி0234 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. அப்படியென்றால் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தம், தேவைக்கு மேல் ஏறுகிறது என்று பொருள். "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார் அட்வைசர். எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் கூப்பிட்டார்கள். கழற்றி வைத்திருந்த டர்போவின் ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார்கள். ஆடியது. சரி, செய்யுங்கள் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற பொருள். பெரும்பாலான டர்போக்களில் அது எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழலும். ஆயில் வடிந்து மேஜை மேல் கிடக்கும்போது பக்கவாட்டில் லேசாக ஆடத்தான் செய்யும், புதுசும் ஆடும். உள்ளே வெளியே என்று நீளவாக்கில் ஆட்டம் கையில் தெரிந்தாலோ, பிளேடு உறையை உரசிய தடம் இருந்தாலோதான் பயப்பட வேண்டும். அது இரண்டையும் எனக்கு யாரும் காட்டவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை.

இன்னொன்றை நானே யோசித்திருக்கலாம். தேய்ந்துபோன டர்போ காற்றைக் குறைவாகத்தான் தள்ளும். அதற்கு வருகிற குறியீடே வேறு, பி0299. என் வண்டியில் காற்று அதிகமாக வருகிறது. வேலை செய்கிறவன் அளவுக்கு மீறிச் செய்கிறான் என்றால் அவனை அடக்குகிறவன் எங்கே போனான் என்றுதானே கேட்க வேண்டும்?

அடக்குகிறவன் பெயர் வேஸ்ட்கேட். எக்ஸாஸ்ட் வாயு முழுவதும் டர்போவைச் சுழற்றுகிற டர்பைனுக்குள் போகாமல் ஒரு பகுதியைச் சுற்றுவழியில் வெளியே விடுகிற சின்னக் கதவு. அதைத் திறப்பது ஆக்சுவேட்டர்: உள்ளே டயாஃப்ரம் என்கிற ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங், வெளியே நீட்டியிருக்கும் ஒரு தண்டு. டர்போ அழுத்துகிற காற்றிலேயே கொஞ்சம் ஒரு சின்ன ஹோஸ் வழியாக இதற்கு வரும். அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும் தண்டு தள்ளும், கதவு திறக்கும், பூஸ்ட் ஏறாமல் நிற்கும். நடுவில் ஒரு சொலினாய்டு, கரண்ட்டில் திறந்து மூடுகிற வால்வு, உட்கார்ந்துகொண்டு எவ்வளவு காற்று போகலாம் என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ சொல்கிறபடி கூட்டிக் குறைக்கும். விஷயம் இவ்வளவுதான். 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரிலேயே வேஸ்ட்கேட் இருந்தது. டர்போ வேலை பார்க்கிற கடைக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இதிலிருந்தே புரியும். அந்த ஹோஸ் கழன்றாலோ கிழிந்தாலோ ஆக்சுவேட்டருக்குச் சேதி போகாது. கதவு மூடியே கிடக்கும், பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும்.

புது டர்போ போட்டு வண்டி வந்தது. பழசைக் கேட்டேன், ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். முன்கூட்டியே எழுதி வாங்காதது என் தப்பு. கடைக்காரர் பக்கத்துத் தெருவைச் சுற்றி ஓட்டிக் காட்டினார், விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்? இன்ஜின் சூடாகி, மூன்றாவது நான்காவது கியரில் முழுதாக மிதித்தால்தான் இந்தக் கோளாறு தலைகாட்டும். பத்து நாள் கழித்து ஒரு மேம்பாலம் ஏறும்போது அதே பாய்ச்சல், அதே வெட்டு.

இரண்டாவது முறை போனபோது மேனுவல் பூஸ்ட் கண்ட்ரோலர் என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பித்தளையில் பளபளவென்று, திருகுவதற்கு ஒரு குமிழோடு. "இதை வெச்சு அமுக்கிடலாம் சார்." இதைவிடப் பெரிய பொய் கிடையாது. அந்தச் சாமான் ஆக்சுவேட்டருக்குப் போகிற காற்றைத் தடுத்தோ கசியவிட்டோ கதவு திறப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பூஸ்ட்டை ஏற்றத்தான் அது உதவும். ஸ்பிரிங் எந்த அழுத்தத்தில் திறக்கிறதோ அதற்குக் கீழே எந்தக் கண்ட்ரோலராலும் இறக்க முடியாது. என் வண்டியில் ஏற்கெனவே சேதி சரியாகப் போகவில்லை, அந்தப் பாதையிலேயே இன்னொரு தடையை வைத்தார்கள். கோளாறு முன்பைவிடச் சீக்கிரமாக வர ஆரம்பித்தது.

மூன்றாவது முறை சத்தம் போட்டேன். இரண்டு நாள் வைத்திருந்து, "ட்யூன் பண்ணிட்டோம், இனி வரவே வராது" என்று கொடுத்தார்கள். உண்மையிலேயே வரவில்லை. விளக்கும் இல்லை, வெட்டும் இல்லை. வண்டி அம்பு போலப் பாய்ந்தது. மூன்று வாரம் சந்தோஷமாக ஓட்டினேன். அதற்கப்புறம்தான், மேட்டில் மிதிக்கும்போது, தகர டப்பாவில் சில்லறை போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் காதில் விழுந்தது.

பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சொந்தக் கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறவர். சத்தத்தை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, "தம்பி, இனிமே இதை மிதிக்காதே, அப்படியே உருட்டிக்கிட்டு வீட்டுக்கு வா" என்றார். நாக்கிங். சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிக்கிறது. பிஸ்டனை உடைக்கிற சத்தம் அது.

அவர் முதலில் சாவியை மட்டும் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சிலிண்டர்களுக்குக் காற்று போகிற மேனிஃபோல்டின் பிரஷர் சென்சார் என்ன காட்டுகிறது என்று ஸ்கேனரில் பார்த்தார். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும்; கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் 100 கிலோபாஸ்கல், 2000 மீட்டர் உயர மலையில் 80 அளவில். எங்களுக்குச் சரியாகவே காட்டியது. சென்சார்மேல் தப்பில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன், அவர் கட்டவில்லை. மேனிஃபோல்டிலிருந்து தனியாக ஒரு குழாய் எடுத்து, பழைய முள் கேஜ் ஒன்றை மாட்டினார். நான் ஓட்ட, அவர் ஒரு கண்ணை முள்ளிலும் ஒரு கண்ணை ஸ்கேனரிலும் வைத்திருந்தார். மூன்றாவது கியரில் இரண்டு விநாடி மிதித்தேன். ஸ்கேனரில் 175 கிலோபாஸ்கல் வரை ஏறி, அப்புறம் கத்தியால் சீவிவிட்ட மாதிரி அப்படியே நேர்கோடு. முள் அதையும் தாண்டி 1.1 பாருக்குப் போய்விட்டது.

கணக்கு எளிது. ஒரு பார் என்றால் 100 கிலோபாஸ்கல். ஸ்கேனர் காட்டுவது வெளிக்காற்றையும் சேர்த்த மொத்த அழுத்தம், முள் காட்டுவது அதற்கு மேல் இருப்பது மட்டும். 175 என்றால் முள் 0.75 காட்ட வேண்டும். 1.1 காட்டுகிறது என்றால் உள்ளே உண்மையில் 210 இருக்கிறது. ஈசியூ கேட்டதோ வெறும் 160.

சென்சாரின் வயர் கட்டைப் பிரித்தார். கறுப்பு டேப்புக்கு உள்ளே, ஒரு தீப்பெட்டியில் பாதி அளவில், ஒரு சின்னப் பெட்டியைச் சிக்னல் வயரில் ஒட்டுப்போட்டு வைத்திருந்தார்கள். சென்சாரின் வோல்டேஜ் ஒரு அளவுக்கு மேல் ஈசியூவுக்குப் போகாமல் பிடித்து வைக்கிற கிளாம்ப் அது. அளவுக்கு மேல் காற்று வந்தால் பெட்ரோலை வெட்டி இன்ஜினைக் காப்பாற்றுகிற ஏற்பாட்டின் கண்ணைக் கட்டிவிட்டார்கள். எனக்கு வந்துகொண்டிருந்த அந்த வெட்டுதான் அதுவரை பிஸ்டன்களைக் காப்பாற்றியது! ஈசியூ 175க்கு உண்டான பெட்ரோலை ஊற்றுகிறது, உள்ளே 210க்கு உண்டான காற்று இருக்கிறது. கலவை வறண்டு, சூடு ஏறி, நாக்கிங். இதற்குப் பெயர் ட்யூனிங்காம். பில்லில் அந்த ஒரு வார்த்தைதான் இருக்கிறது.

கிளாம்ப்பையும் பித்தளைக் கண்ட்ரோலரையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து நிம்மதிப்பட்டது அன்றைக்குத்தான். ஸ்கேனர் பதிவு செய்த லாகில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பூஸ்ட் 160ஐத் தாண்டியதும் ஈசியூ சொலினாய்டின் டியூட்டியை, அதாவது அதற்குக் கரண்ட் கொடுக்கிற நேர விகிதத்தை, பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டது. என் வண்டியில் பூஜ்யம் என்றால் இருக்கிற காற்று முழுவதையும் ஆக்சுவேட்டருக்கு அனுப்பு என்று அர்த்தம். அப்படியும் பூஸ்ட் ஏறுகிறது. "மூளை சரியாத்தான் சொல்லுது, கைக்குத்தான் போய்ச் சேரலை" என்றார் அண்ணன்.

ஆக்சுவேட்டரின் ஹோஸைக் கழற்றிக் கைப்பம்பை மாட்டினார். 0.4 பார் வந்ததும் தண்டு மெல்ல வெளியே நகர்ந்தது, எங்கேயும் திக்கவில்லை. அழுத்தத்தை ஒரு நிமிடம் அப்படியே பிடித்து வைத்தார், முள் இறங்கவில்லை. ஆக்சுவேட்டர் நல்லது, கதவும் நல்லது. சொலினாய்டைக் கழற்றி வாயால் ஊதினார், கரண்ட் கொடுத்துப் பார்த்தார், டிக் டிக் என்று திறந்து மூடியது. மிச்சம் இருந்தது கையில் இருந்த ஹோஸ்தான். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஒரு முனையை விரலால் அடைத்து, நடுப்பகுதியை ஒரு மக்குத் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதினார். குமிழி வரவில்லை. எனக்கு மனசு விட்டுப்போனது. அவர் எழுந்துபோய், கொதிக்கிற தண்ணீரை அந்த மக்கில் ஊற்றிக்கொண்டு வந்து மறுபடி ஊதினார். கிளிப்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, எக்ஸாஸ்ட் பக்கம் பார்த்திருந்த அடிப்புறத்தில், சரசரவென்று குமிழி. நகத்தால் வளைத்தால் மீன் வாய் மாதிரி திறந்தது. குளிரில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் பிளந்துகொள்ளும். அரை மணி நேரம் ஓடின பிறகுதான் வருகிறது என்று நான் சொன்னதை அங்கே யாராவது காதில் வாங்கியிருந்தால்!

புது டர்போவில் அந்தப் பழைய ஹோஸையே எடுத்து மாட்டியிருக்கிறார்கள். டர்போவுக்குக் கொடுத்த காசில் அந்த ஹோஸை ஊர் நீளத்துக்கு வாங்கி இழுத்திருக்கலாம். அதே உள்விட்டத்தில் சூடு தாங்குகிற புது ஹோஸ் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் போட்டோம். 160 கேட்டால் ஒரு கணம் 165 போய் 160இல் வந்து நிற்கிறது. அந்த ஒரு கணத் துள்ளல் சகஜம்தான்.

எல்லோருக்கும் ஹோஸ்தான் காரணமாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. பெரிய எக்ஸாஸ்ட் பைப் மாற்றினவர்களுக்கு, கதவு முழுதாகத் திறந்தும் போதாமல், ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்ட்டும் ஊர்ந்து ஏறும். அதற்கு வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பல டீசல் வண்டிகளில் வேஸ்ட்கேட்டே கிடையாது, டர்பைனைச் சுற்றி அசைகிற இதழ்கள் இருக்கும். அதில் கரி படிந்து மூடின நிலையில் இறுகிவிட்டால் இதே பி0234தான் வரும். அங்கே டர்போவைக் கழற்றச் சொல்வது நியாயமாகவும் இருக்கலாம். அப்போதும் ஆக்சுவேட்டரில் பம்ப் மாட்டித் தண்டு எங்கே திக்குகிறது என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். கேட்ட பூஸ்ட் எவ்வளவு, வந்த பூஸ்ட் எவ்வளவு என்ற லாகையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுகிற பழைய பாகம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதுங்கள். ஆக்சுவேட்டர் தண்டின் நட்டைத் திருகிச் சரிசெய்கிறேன் என்று எவராவது ஸ்பானரோடு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கிளாம்ப்பையும் கிழிந்த ஹோஸையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தப் பெட்டியை நாங்கள் வைக்கவே இல்லை என்றார்கள். ஹோஸ் "கன்ஸ்யூமபிள்" என்பதால் வாரண்டியில் வராதாம். இரண்டும் இப்போது என் டேஷ்போர்டுக்குள் ஒரு கவரில் இருக்கின்றன.

அண்ணன் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில், பீங்கான்மேல் மிளகாய் விதையைவிடச் சின்னதாக வெள்ளிப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். கம்ப்ரஷன் நான்கிலும் ஒரே அளவில் இருக்கிறது. ஆனால் சர்வீஸுக்குச் சர்வீஸ் இறங்காத ஆயில், இப்போது மாதம் ஒரு விரற்கடை இறங்குகிறது.